ஸ்காபரோ - ரூஜ் ரிவர் மாகாணத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

மலர்க்குழு எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் மூத்தோர் மன்றம் வெளியிடவிருக்கும் ஆண்டு மலருக்காக, எங்களில் பலர் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் மல்வேன் பகுதியை உள்ளடக்கியிருந்த ஸ்காபரோ - ரூஜ் ரிவர் தொகுதியின் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கின்றது. ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், 401 நெடுஞ்சாலைக்கு வடக்கேயும் ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கேயும் அமைந்திருந்த அந்தத் தொகுதி இன்று வரைபடத்தில் இல்லை. ஆயினும், மன்றத்துக்கு வரும் பெரியவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தங்கள் முதல் வாக்களிப்பை நினைவுகூருகின்றார்கள்.

நான் இதுவரை திரட்டியவை சுருக்கமாக இவை. 1999ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் நடந்த பொதுத்தேர்தல்களில் லிபரல் கட்சியின் அல்வின் கர்லிங் வெற்றி பெற்றார். அவர் 2005இல் பதவி விலகியதனால் அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் அதே கட்சியின் பாஸ் பல்கிசூன் தெரிவாகி, 2007, 2011, 2014 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அவரும் 2016 மார்ச் மாதத்தில் விலக, செப்டெம்பர் 1ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் முற்போக்குக் கன்சர்வேற்றிவ் கட்சியின் ரேமண்ட் சோ வென்றார். ஐந்து பொதுத்தேர்தல்கள், இரண்டு இடைத்தேர்தல்கள், மூன்று உறுப்பினர்கள் என்று பட்டியல் இரண்டு பந்திகளில் முடிந்துவிடுகின்றது. இதை வரலாறு என்று அச்சிட எனக்கு மனம் வரவில்லை.

எனக்குள்ள ஐயங்கள் மூன்று. முதலாவது, 1999இற்கு முன்னர் இந்த மண்ணில் வாழ்ந்தவர்களும் வாக்களித்தவர்கள்தாமே, அவர்களுடைய வரலாற்றை எங்கே சேர்ப்பது? இரண்டாவது, 2011இல் ரதிகா சிற்சபைஈசன் இதே பெயருடைய தொகுதியில் வென்றதை எங்கள் மன்றத்தினர் மாகாணத் தேர்தல் வெற்றியாகவே நினைவில் வைத்திருக்கின்றார்கள். அந்தக் குழப்பத்தை வாசகருக்கு எப்படித் தெளிவுபடுத்துவது? மூன்றாவது, 2016இல் இரண்டு தமிழ் வேட்பாளர்கள் போட்டியிட்டதனால் வாக்குப் பிரிந்து, அதனால்தான் கன்சர்வேற்றிவ் கட்சி வென்றது என்று பலரும் உறுதியாகச் சொல்கின்றார்கள். அதனை அப்படியே எழுதலாமா?

விடயம் அறிந்தவர்கள் உதவினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


எல்லைக்கல் எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் முதல் ஐயம்தான் மற்ற இரண்டுக்கும் அடிப்படை என்பதனால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

ஒரு தொகுதியின் வரலாற்றை எழுதுகின்றவர் பெயரைப் பின்தொடர்வதா, நிலத்தைப் பின்தொடர்வதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பெயரைப் பின்தொடர்ந்தால் உங்கள் கட்டுரை 1999இல் தொடங்கி 2018இல் முடிந்துவிடும். நிலத்தைப் பின்தொடர்ந்தால், குறைந்தது 1963 வரைக்கும் பின்னால் போகவேண்டும். இன்றுவரை முன்னாலும் வரவேண்டும்.

1963 முதல் 1999 வரை இந்த நிலத்தின் பெரும்பகுதி ஸ்காபரோ நோர்த் என்னும் மாகாணத் தொகுதியில் இருந்தது. அதன் முதல் உறுப்பினரான தாமஸ் வெல்ஸ், கன்சர்வேற்றிவ் கட்சியைச் சேர்ந்தவர். 1963 முதல் 1985 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் இப்பகுதியின் உறுப்பினராக இருந்து, கல்வி அமைச்சராகவும் பணியாற்றினார். அவர் தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்கிய 1985இல்தான் அல்வின் கர்லிங் லிபரல் கட்சிக்காக இடத்தைக் கைப்பற்றினார். அது மாகாணம் முழுவதற்குமே திருப்புமுனையான ஆண்டு. 1943 முதல் தொடர்ந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட கன்சர்வேற்றிவ் கட்சி அத்தேர்தலில் 52 இடங்களைப் பெற்றபோதும், 48 இடங்களைப் பெற்ற லிபரல் கட்சி, 25 இடங்களைப் பெற்ற புதிய ஜனநாயகக் கட்சியுடன் எழுத்துமூல உடன்பாடு செய்துகொண்டு ஆட்சியை அமைத்தது. ஜமெய்க்காவில் பிறந்த கர்லிங் அந்த அரசில் வீடமைப்பு அமைச்சரானார். ஆகவே, நீங்கள் 1999இல் தொடங்கும் பட்டியலில் புதியவராகத் தோன்றும் கர்லிங், உண்மையில் அப்போது பதினான்கு ஆண்டு அனுபவமுள்ள உறுப்பினர். பட்டியலை மட்டும் வாசிக்கின்றவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

1999இல் பெயர் மாறியதற்கான காரணத்தையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக் ஹரிஸ் தலைமையிலான கன்சர்வேற்றிவ் அரசு, அரசியல்வாதிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதாகப் பெயரிலேயே அறிவித்த ஒரு சட்டத்தை 1996இல் நிறைவேற்றி, மாகாண நாடாளுமன்றத்தின் 130 இடங்களை 103 ஆகக் குறைத்ததோடு, மாகாணத் தொகுதிகளின் எல்லைகளையும் பெயர்களையும் மத்திய நாடாளுமன்றத் தொகுதிகளோடு ஒன்றாக்கியது. மத்திய மட்டத்தில் ஸ்காபரோ - ரூஜ் ரிவர் என்னும் பெயர் 1988 தேர்தலிலிருந்தே வழக்கில் இருந்தது. அங்கே லிபரல் கட்சியின் டெரெக் லீ 2011 வரை உறுப்பினராக இருந்தார். அந்தப் பெயரே 1999இல் மாகாணத்துக்கும் வந்தது.

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் விடை கிடைக்கின்றது. ஒரே பெயரும் ஒரே எல்லையும் கொண்ட இரண்டு தொகுதிகள் இரண்டு வெவ்வேறு நாடாளுமன்றங்களுக்கு உறுப்பினரை அனுப்பிவந்தன. 2011இல் மே மாதம் 2ஆம் நாள் நடந்த மத்திய தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் ரதிகா சிற்சபைஈசன் வென்று கனடிய நாடாளுமன்றத்துக்குச் சென்ற முதல் தமிழரானார். அதே ஆண்டு ஒக்டோபர் 6ஆம் நாள் நடந்த மாகாணத் தேர்தலில், அதே வீதிகளில், அதே கட்சிக்காகப் போட்டியிட்ட நீதன் சாண் இரண்டாம் இடத்துக்கு வர, லிபரல் கட்சியின் பல்கிசூன் மீண்டும் தெரிவானார். ஐந்து மாத இடைவெளியில் ஒரே வாக்காளர்கள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்திருக்கின்றார்கள். குழப்பத்தை நீக்குவதோடு நின்றுவிடாமல், இந்த முரணையே கட்டுரையின் நடுப்பகுதியாக வைக்கலாம் என்பது என் எண்ணம்.

சொல் தொடர்பாகவும் ஒன்று சொல்ல விரும்புகின்றேன். எங்கள் பத்திரிகைகள் வழக்கமாக மாகாண சபை உறுப்பினர் என்றே எழுதுகின்றன. ஆனால் இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு வந்த மாகாண சபைகளை மனதில் வைத்திருக்கும் பெரியவர்கள், அந்தச் சொல்லைக் கண்டதும் அதிகாரம் குறைந்த, மாவட்ட அடிப்படையில் விருப்பு வாக்குகளால் தெரிவாகும் ஒரு சபையையே நினைத்துக்கொள்கின்றார்கள். இங்கே மாகாணத்துக்குக் கல்வியிலும் மருத்துவத்திலும் முழுமையான சட்டமியற்றும் அதிகாரம் உண்டு. ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர். மற்றவர்களைவிட ஒரு வாக்குக் கூடப் பெற்றாலே வெற்றி. மாகாண நாடாளுமன்ற உறுப்பினர் என்று எழுதுவதே பொருத்தம் என்று நினைக்கின்றேன்.


நீலப்பனி எழுதியது:

எல்லைக்கல் அவர்கள் எழுதியதோடு உடன்படுகின்றேன். கர்லிங்கைப் பற்றி எழுதும்போது 1995 டிசெம்பர் மாதத்தில் நடந்த ஒரு நிகழ்வை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றேன், ஏனென்றால் இந்தப் பகுதியின் உறுப்பினர் மாகாணம் முழுவதும் பேசப்பட்ட நாள் அதுதான்.

ஹரிஸ் அரசு ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே, மருத்துவமனைகள், நகரசபைகள் உட்படப் பல துறைகளின் சட்டங்களை ஒரே மூச்சில் மாற்றும் 26ஆம் இலக்க மசோதாவைக் கொண்டுவந்து, பொதுமக்களின் கருத்தைக் கேட்பதற்குப் போதிய அவகாசம் தராமல் நிறைவேற்ற முயன்றது. அவையில் வாக்கெடுப்பு நடந்தபோது கர்லிங் தம் இருக்கையில் அமர்ந்தபடியே வாக்களிக்க மறுத்தார். அவரை வெளியேறுமாறு சபாநாயகர் கட்டளையிட்டார், அவர் எழவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவரைச் சூழ்ந்து அரண்போல் நின்றுகொண்டார்கள். அன்று இரவு முழுவதும் அவர் அந்த இருக்கையைவிட்டு அசையாதிருந்ததனால் அவை நடவடிக்கைகள் விடியும்வரை முடங்கின. இறுதியில் அரசு இறங்கிவந்து, அந்த மசோதா மீது பொதுமக்களின் கருத்தறியும் அமர்வுகளை நடத்த ஒப்புக்கொண்டது.

நாங்கள் அப்போது இந்நாட்டுக்கு வந்து அதிக காலமாகவில்லை. பிரதிநிதி ஒருவர் தம் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருப்பதன் மூலமே ஓர் அரசைப் பேச வைக்க முடியும் என்பதையும், அதற்காக அவரை எவரும் அடித்துத் தூக்கிச் செல்லமாட்டார்கள் என்பதையும் தொலைக்காட்சியில் பார்த்த என் தகப்பனார் அதைப் பல நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தார். குடியுரிமை கிடைத்ததும் அவர் அளித்த முதல் வாக்கு 1999இல் இந்தத் தொகுதியில்தான். அவரைப் போன்றவர்களுக்கு லிபரல் கட்சி என்றால் கர்லிங்தான். கட்சியின் கொள்கை விளக்கங்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

விடிய விடிய ஒரு சபாநாயகரின் கட்டளையை மறுத்து அமர்ந்திருந்த அதே மனிதர், 2003இல் டோல்டன் மக்கின்ரி தலைமையில் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தபோது அதே அவையின் சபாநாயகராகத் தெரிவானார். ஒன்ராறியோவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவரும் அவரே. 2005இல் டொமினிக்கன் குடியரசுக்கான கனடியத் தூதுவராக நியமிக்கப்பட்டதனால்தான் அவர் விலகினார். இந்தக் காரணத்தைக் குறிப்பிட்டால்தான் அந்த ஆண்டு நவம்பரில் ஏன் இடைத்தேர்தல் வந்தது என்பது வாசகருக்கு விளங்கும்.

பல்கிசூன் ரினிடாட்டில் பிறந்தவர். நகரசபை உறுப்பினராக இருந்தபோது ரொறன்ரோ நகரின் கணினிக் குத்தகை ஒப்பந்தத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றி விடாமல் கேள்வி எழுப்பி, நீதி விசாரணைக்கு வழிவகுத்தவர்களுள் முன்னின்றவர். அவருடைய பத்தாண்டுகளைப் பற்றி நீளமாக எழுத வேண்டிய தேவை இல்லை என்றாலும், இந்த ஒரு வரியாவது இருக்கட்டும்.


மீள்கணக்கு எழுதியது:

மூன்றாவது ஐயத்தை யாரும் இன்னும் தொடவில்லை என்பதனால் நான் அதை எடுத்துக்கொள்கின்றேன். ஐயா, தமிழ் வாக்குப் பிரிந்ததனால்தான் ரேமண்ட் சோ வென்றார் என்று தயவுசெய்து உறுதியாக எழுத வேண்டாம்.

அந்தக் கூற்றுக்கு ஆதரவாக இருப்பது ஒரே ஒரு கூட்டல் கணக்கு. 2016 இடைத்தேர்தலில் சோ நாற்பது விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளுடன் வென்றார். லிபரல் வேட்பாளர் பிரகல் திருவும் புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளர் நீதன் சாணும் முறையே இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு வந்தார்கள். அவ்விருவரின் வாக்குகளையும் கூட்டினால் பாதிக்கும் மேலாகின்றது. கணக்கு சரியானது. ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு, அவ்விருவருக்கும் வாக்களித்தவர்கள் எல்லோரும் தமிழர்கள் என்றும், ஒருவர் விலகியிருந்தால் அவருடைய வாக்குகள் அனைத்தும் மற்றவருக்குப் போயிருக்கும் என்றும் எண்ணிக்கொண்டு எடுக்கப்படுவது. இரண்டுக்கும் சான்று இல்லை. பத்தில் ஒன்பது பேர் வெள்ளையரல்லாத சமூகங்களைச் சேர்ந்தவர்களாக இருந்த அந்தத் தொகுதியில், சீனரும், தென்னாசியரின் பல பிரிவினரும், கரிபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களும், பிலிப்பினோக்களும் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். தமிழர்கள் முக்கியமான ஒரு பகுதி. முழுத் தொகுதியும் நாங்கள் அல்லர்.

இரண்டாவதாக, 2014 பொதுத்தேர்தலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் இதே ரேமண்ட் சோ கன்சர்வேற்றிவ் வேட்பாளர், இதே நீதன் சாண் புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளர். லிபரல் வேட்பாளர் மட்டுமே பல்கிசூன். அன்று முதலிடம் பல்கிசூனுக்கும், இரண்டாமிடம் சாணுக்கும், மூன்றாமிடம் சோவுக்கும் கிடைத்தன. 2016இல் லிபரல் கட்சியின் வாக்கு வீதம் ஏறத்தாழ பத்துப் புள்ளிகள் இறங்கியது. சோவின் வீதம் ஏறத்தாழ அதே அளவுக்கு ஏறியது. சாணின் வீதம் சில புள்ளிகளே குறைந்தது. தமிழ் வாக்குகள் சாணிடமிருந்து பிரிந்து திருவிடம் போயிருந்தால், சாணின் வீதம் சரிந்து லிபரல் வீதம் நிலைத்திருக்க வேண்டும். நடந்ததோ அதற்கு மாறானது. சரிந்தது ஆளும் கட்சி.

ஆளும் கட்சி ஏன் சரிந்தது என்பதற்கு அரசு தானே அளித்த விடை ஒன்று உண்டு. இடைத்தேர்தல் முடிந்து இரண்டு கிழமைகளுக்குள், முதல்வர் கத்லீன் வின் அவையின் கூட்டத்தொடரை முடித்துவைத்து, செப்டெம்பர் 12ஆம் நாள், அரசின் திட்டங்களை அறிவிக்கும் புதிய அரியணை உரையைக் கொண்டுவந்தார். மின்சாரக் கட்டணத்தில் மாகாணத்துக்குரிய 8 விழுக்காட்டு விற்பனை வரியை விலக்குவதாக அதில் அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்றபோது மக்கள் மின்கட்டணத்தைப் பற்றியே முறையிட்டார்கள் என்று லிபரல் கட்சியினரே அப்போது ஒப்புக்கொண்டார்கள். ஒரு தொகுதியின் தீர்ப்பு மாகாணத்தின் வரவு செலவையே மாற்றியது என்பது, வாக்குப் பிரிவைப் பற்றிய பேச்சைவிட உங்கள் மலருக்குப் பெறுமதியான செய்தி.

பாலியல் கல்விப் பாடத்திட்டமும் அந்த இடைத்தேர்தலில் பெரிய விடயமாக இருந்தது. அதை எதிர்ப்பதையே நோக்கமாகக் கொண்டு ஒரு சுயேச்சை வேட்பாளரும் நின்றார். கன்சர்வேற்றிவ் தலைவர் பற்றிக் பிறவுணின் பெயரில், அந்தப் பாடத்திட்டத்தை நீக்குவதாக வாக்குறுதி அளிக்கும் கடிதம் ஆங்கிலத்திலும் சீனத்திலும் வீடுகளுக்கு விநியோகிக்கப்பட்டது. வாக்களிப்புக்குச் சில நாட்களே இருந்தபோது அந்தக் கடிதம் தவறு என்று அவரே பகிரங்கமாக மறுத்தார். அந்தக் கடிதத்தினால் எத்தனை வாக்குகள் நகர்ந்தன என்பதை யாராலும் அளக்க முடியாது, ஆகவே நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று, சோவை வெளியிலிருந்து வந்த வேட்பாளராகக் காட்டிவிடாதீர்கள். கொரியாவில் பிறந்த அவர் 1991 முதல் இந்தப் பகுதியின் உள்ளூராட்சிப் பிரதிநிதி. 1988 மத்திய தேர்தலில் இதே பெயருடைய தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சிக்காகவே போட்டியிட்டவர். 2016இல் வெற்றி பெற்றபோது அவருக்கு வயது 79. கால் நூற்றாண்டாக வீட்டுப்படியேறி வந்த மனிதரை வாக்காளர்கள் கட்சி நிறம் பார்க்காமல் தெரிவு செய்திருக்கவும் கூடும்.


நீலப்பனி எழுதியது:

மீள்கணக்கு அவர்களின் கணக்கை மதிக்கின்றேன், ஆனால் அவர் சொல்வதை ஓரளவுக்கே ஏற்க முடிகின்றது. நான் அந்தக் கோடையில் வேட்பாளர் ஒருவருக்காக ஒவ்வொரு மாலையும் கதவு தட்டியவள். வாக்கு வீதங்கள் சொல்லாத ஒன்றை அங்கே கண்டேன். முந்தைய இரண்டு தேர்தல்களிலும் தயங்காமல் ஒரு வேட்பாளரின் பெயரைச் சொன்ன பல தமிழ்க் குடும்பங்கள், இம்முறை இருவருமே நம் பிள்ளைகள், யாரையும் நோகடிக்க விருப்பமில்லை என்று சொல்லி வாக்களிக்கவே போகவில்லை. வாக்குப் பிரிந்தது என்பதைவிட, வாக்குத் தயங்கி வீட்டில் நின்றுவிட்டது என்று சொல்வது கூடுதல் பொருத்தம். கோடை விடுமுறையின் கடைசிக் கிழமையில் நடந்த இடைத்தேர்தல் என்பதும் அதற்குத் துணைபோனது.


மீள்கணக்கு எழுதியது:

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை அக்கா. அது கட்டுரையில் நேரில் கண்ட ஒருவரின் கூற்றாக, உங்கள் சொற்களிலேயே இடம்பெறலாம். முடிவின் காரணமாக மட்டும் அது எழுதப்படக் கூடாது. மாகாணத் தேர்தல் அலுவலகம் ஒவ்வொரு வாக்களிப்புப் பிரிவின் முடிவையும் தனித்தனியாக வெளியிடுகின்றது. மல்வேனின் பிரிவுகளை 2014, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் அருகருகே வைத்துப் பார்த்தால், எங்கே வாக்களிப்புக் குறைந்தது என்பதாவது தெரியவரும். இனம் தெரியாது, வீதி தெரியும். மலருக்கு அவகாசம் இருந்தால் அந்த வேலையை நான் செய்து தருகின்றேன்.


எல்லைக்கல் எழுதியது:

2018இற்குப் பிந்தைய பகுதியை எழுதும்போது ஐயா கவனமாக இருக்க வேண்டிய இடமொன்று உண்டு.

2018 தேர்தலுக்காக மாகாணத் தொகுதிகள் 107இலிருந்து 124 ஆக உயர்த்தப்பட்டபோது ஸ்காபரோ - ரூஜ் ரிவர் இல்லாமற்போனது. அதன் நிலம் முக்கியமாக ஸ்காபரோ நோர்த், ஸ்காபரோ - ரூஜ் பார்க் என்னும் இரண்டு தொகுதிகளுக்குப் போனது. இவற்றுள் ஸ்காபரோ நோர்த் என்பது 1963 முதல் 1999 வரை இருந்த பழைய தொகுதியின் பெயர்தான், எல்லை வேறு. தாமஸ் வெல்ஸ், அல்வின் கர்லிங், ரேமண்ட் சோ ஆகிய மூவரையும் ஒரே பெயரின் கீழ் வரிசைப்படுத்தி, ஒரே தொகுதி இடையில் பத்தொன்பது ஆண்டுகள் மறைந்திருந்து திரும்பி வந்ததுபோல் எழுதிவிடும் ஆபத்து இருக்கின்றது. ரூஜ் பார்க் தொகுதியோ 401ஐத் தாண்டித் தெற்கே ஏரிக்கரை வரைக்கும் நீள்கின்றது. ஹைலண்ட் கிறீக், போர்ட் யூனியன் போன்ற இடங்கள், முன்பு பிக்கரிங் நகரின் ஒரு பகுதியோடு சேர்ந்து வேறொரு தொகுதியில் இருந்தவை. ஆகவே மல்வேனில் வாழ்கின்றவர் 2014இல் ஒரு கூட்டத்தாரோடும் 2018இல் இன்னொரு கூட்டத்தாரோடும் சேர்ந்து வாக்களித்தார்.

அந்த 2018 தேர்தலில் ரூஜ் பார்க்கில் கன்சர்வேற்றிவ் கட்சியின் விஜய் தணிகாசலம், புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளரைவிட ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். அதே தேர்தலில் மார்க்கம் - தோர்ண்ஹில் தொகுதியில் லோகன் கணபதியும் வென்றார். தணிகாசலம் 2022இலும் 2025இலும் மீண்டும் தெரிவானார். ஸ்காபரோ நோர்த்தில் ரேமண்ட் சோவும் அவ்வாறே. தணிகாசலம் கொண்டுவந்த தமிழினப் படுகொலை அறிவூட்டல் கிழமைச் சட்டம் 2021 மே மாதத்தில் சட்டமானது. இந்த நிலத்தின் மாகாணப் பிரதிநிதித்துவம் எங்கள் சமூகத்தோடு நேரடியாகத் தொடர்புற்ற தருணம் அது என்பதனால் அதற்கெனத் தனிப் பந்தியே ஒதுக்கலாம்.

மாகாணத் தொகுதி எல்லைகள் நகரசபைக்குள்ளும் நுழைந்துவிட்டன என்பதையும் மறக்க வேண்டாம். 2018இல் முதல்வரான டக் ஃபோர்ட், நகரசபைத் தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருந்தபோதே ரொறன்ரோ நகரசபையின் வட்டாரங்களை 47இலிருந்து 25 ஆகக் குறைத்து, அவற்றுக்குத் தொகுதிகளின் எல்லைகளையே வகுத்தார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் சென்று, 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் மாகாணத்துக்குச் சார்பாக முடிந்தது.

கடைசியாக, 2011இல் இருந்த குழப்பத்துக்கு நேரெதிரான ஒன்று இப்போது உருவாகியிருக்கின்றது. 2025 பெப்ரவரியில் நடந்த மாகாணத் தேர்தல் பழைய 124 தொகுதிகளிலேயே நடந்தது. ஆனால் ஏப்ரல் மாதம் நடந்த மத்திய தேர்தலில் புதிய எல்லைகள் பயன்பட்டன. ஹரி ஆனந்தசங்கரி 2015 முதல் வென்றுவந்த ரூஜ் பார்க், கில்ட்வூட் என்ற பெயரும் முன்னால் சேர்ந்த விரிந்த தொகுதியாகிவிட்டது. அன்று ஒரே பெயரில் இரண்டு தேர்தல்கள் நடந்தன. இன்று ஒரே வீட்டுக்கு இரண்டு தொகுதிப் பெயர்கள்.


மலர்க்குழு எழுதியது:

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. இரண்டு நாட்களுக்கு முன் என்னிடம் இரண்டு பந்திகள் இருந்தன. இப்போது எதை விடுவது என்றுதான் யோசிக்கின்றேன்.

பெயரை விட்டு நிலத்தைப் பின்தொடர்வதாக முடிவு செய்துள்ளேன். கட்டுரை 1963இல் தொடங்கும்; ஒவ்வொரு பகுதிக்கும் அந்தக் காலத்து எல்லையைக் காட்டும் சிறிய வரைபடம் ஒன்று இருக்கும். 1995 டிசெம்பர் இரவு தனிப் பகுதியாக வரும். 2011இன் இரண்டு தேர்தல்களையும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக அச்சிடப்போகின்றோம். 2016இற்கு, மீள்கணக்கு தம்பி சொன்ன ஒப்பீட்டையும் நீலப்பனி அவர்களின் சாட்சியத்தையும், ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்காமல், அடுத்தடுத்து வைக்கின்றேன். வாக்களிப்புப் பிரிவு வாரியான அட்டவணை வரும் மாதக் கடைசிக்குள் கிடைத்தால் போதும் தம்பி.

ஒரேயொரு வேண்டுகோள். 1999, 2003 தேர்தல்களில் எங்கள் பகுதியில் தமிழில் அச்சிட்டு விநியோகிக்கப்பட்ட துண்டுப்பிரசுரம் எதையேனும் யாராவது வைத்திருக்கின்றீர்களா? எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும் சரி.


நீலப்பனி எழுதியது:

தகப்பனாரின் பெட்டியில் 2003ஆம் ஆண்டின் பிரசுரம் ஒன்று இருக்கின்றது. நான்காக மடித்து, தம் குடியுரிமைச் சான்றிதழோடு ஒரே உறையில் வைத்திருந்தார். மடிப்புகளில் எழுத்துகள் சற்று அழிந்திருந்தாலும் வாசிக்க முடிகின்றது. சனிக்கிழமை மன்றத்துக்குக் கொண்டுவருகின்றேன். படியெடுத்தபின் மூலத்தை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள்.